இருட்டைப் பார்க்க எத்தனை கிராம்?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து நாலு பக்கம் எழுத உனக்குத் தெம்பு இருக்கிறதே, அதுவே பெரிது. அந்த நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் நைட் விஷன் டியூபைப் பற்றித்தான். பிவிஎஸ்-14 என்ற ராணுவக் கருவியின் கூட்டைத் தனியாக, டியூபைத் தனியாக, லென்ஸைத் தனியாக வரவழைத்து நீயே பூட்டி, மொத்த எடையை 300 கிராமுக்குள் அடக்க வேண்டும் என்கிறாய். எதைப் பார்க்கப் போகிறாய் என்பது மட்டும் கடைசி இரண்டு வரியில் வருகிறது: நஞ்சராயன் குளத்து இராக்கொக்கு, காங்கேயம் கொறங்காட்டுப் பக்கிக் குருவி. நான் அந்த இரண்டு வரியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். என்ன வாங்குவது, எதைப் பூட்டுவது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நஞ்சராயன் குளம் 2022-இல் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஆகஸ்டில் கழுவேலியோடு சேர்ந்து ராம்சார் பட்டியலிலும் ஏறியது. ஊரை ஒட்டியே இருப்பதால் நம்ம குளம்தானே என்ற நினைப்பு நமக்குப் போவதில்லை. ஆனால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். நடுராத்திரியில் தலையில் ஒரு கருவியைக் கட்டிக்கொண்டு கரையில் நின்றால், நான் வேட்டைக்கு வரவில்லை என்று நீதான் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். அதற்கு அவசியமும் இல்லை. இராக்கொக்கு மரத்தை விட்டுக் கிளம்புவது பொழுது சாயும் நேரத்தில். அந்த வெளிச்சத்துக்கு 7க்கு 50 பைனாகுலர் ஒன்று போதும். ஐம்பதை ஏழால் வகுத்தால் சுமார் 7 மி.மீ. உன் வயதில் இருட்டில் கண்மணி விரிவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். கண்ணுக்குக் கொடுக்கக்கூடிய வெளிச்சம் முழுவதையும் அது கொடுத்துவிடும். என் கண்மணி இப்போது அவ்வளவு விரியாது, எனக்கு அந்த 50 வீண்.

ஆக, குளத்துக்கு நைட் விஷனே வேண்டாம். மிச்சம் இருப்பது கொறங்காடு.

கொறங்காடு என்றால் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொழுக்கட்டைப் புல், நடுவில் ஒன்றிரண்டு வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி, பகலில் மாடு, ராத்திரியில் முயலும் பக்கியும். தனியார் மேய்ச்சல் நிலம் என்பதால் காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். அங்கே பார்க்க வேண்டிய தூரம் இருபதிலிருந்து எண்பது மீட்டர். ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை, ஓடுகிற வேலை இல்லை. இந்த இரண்டு விஷயத்தையும் மனதில் வைத்துக்கொள். ராணுவக் கருவி செய்கிறவனுக்கு இந்த வசதி கிடையாது. அவன் இருட்டில் ஓடுகிறவனுக்காகச் செய்கிறான்.

அங்கே எவ்வளவு வெளிச்சம் இருக்கும்? உச்சியில் பௌர்ணமி நிலா இருந்தால் தரையில் சுமார் கால் லக்ஸ். நிலா இல்லாமல் நட்சத்திரம் மட்டும் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு லக்ஸ். மேகம் மூடினால் அதிலும் குறையும் என்றுதான் புத்தகம் சொல்லும். நம் ஊரைச் சுற்றி அது தலைகீழ். திருப்பூரும் பல்லடமும் மேலே அனுப்புகிற வெளிச்சத்தை மேகம் அப்படியே கீழே திருப்பி அனுப்புகிறது. மூடின ராத்திரியில் ஊத்துக்குளி ரோட்டில் நின்று பார், உன் நிழல்கூட லேசாகத் தெரியும். நம் பகுதியில் சுத்தமான இருட்டு வேண்டுமென்றால் தேடித்தான் போக வேண்டும்.

இப்போது டியூப். நீ எழுதியது பாதி சரி. முன்னால் இருக்கும் லென்ஸ் பிம்பத்தை ஒரு மெல்லிய பூச்சின்மேல் விழச் செய்கிறது. ஒளி பட்ட இடத்தில் அந்தப் பூச்சு எலெக்ட்ரானை உதிர்க்கிறது. இரண்டாம் தலைமுறையில் அது பல காரஉலோகக் கலவை, மூன்றாம் தலைமுறையில் காலியம் ஆர்சனைடு. உதிர்ந்த எலெக்ட்ரான் நுண்துளைத் தட்டு என்ற வில்லைக்குள் போகிறது. உங்கள் நிட்டிங்கில் 30 இன்ச் டயா, 24 கேஜ் மிஷினின் சிலிண்டரைச் சுற்றி 2,260 ஊசி வரிசையாக நிற்குமே, அந்த நெருக்கத்தை நினைத்துக்கொள். இங்கே 18 மி.மீ. வட்டத்துக்குள் பத்து லட்சக்கணக்கில் துளைகள், ஒவ்வொன்றும் ஒரு மி.மீ.யில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. உள்ளே நுழைந்த எலெக்ட்ரான் துளைச் சுவரில் மோதி மோதிப் பல மடங்காகி, மறுபக்கம் பாஸ்பர் திரையில் விழுந்து ஒளிர்கிறது. இதில் படத்தைப் பிடித்து, கணக்குப் போட்டு, மறுபடி காட்டுகிற வேலையே கிடையாது. அதனால் தாமதம் கிடையாது. தலையைத் திருப்பினால் காட்சியும் கூடவே திரும்பும். இந்த ஒன்றில் டியூபை அடித்துக்கொள்ள இன்னும் எதுவும் வரவில்லை.

ஆனாலும் வேண்டாம் என்கிறேன். பணம் ஒரு காரணம்: நல்ல மூன்றாம் தலைமுறை டியூப் போட்ட பிவிஎஸ்-14 அமெரிக்காவிலேயே 3,000 டாலரைத் தாண்டும். அதைவிடப் பெரிய காரணம் சட்டம். அமெரிக்காவின் ஆயுத ஏற்றுமதி விதிகளுக்குள் இந்த டியூப் வருகிறது. உரிமம் இல்லாமல் அந்த நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. அமெரிக்க ராணுவத்துக்கே நைட் விஷன் செய்துகொடுத்த ஐடிடி நிறுவனம், அனுமதி இல்லாமல் இந்தத் தொழில்நுட்ப விவரங்களை வெளிநாட்டுக்கு அனுப்பியதை 2007-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, 100 மில்லியன் டாலர் கட்ட நேர்ந்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி என்றால், 'பொம்மை' என்று சீட்டு ஒட்டி அனுப்புகிறேன் என்கிற ஆளை நம்பி நீ பணம் அனுப்பலாமா? நம் நாட்டிலும் டியூப் செய்கிறார்கள். பாரத் எலெக்ட்ரானிக்ஸின் புனே கிளை நிறுவனம் ராணுவத்துக்காகச் செய்கிறது. கடையில் கிடைக்கிற சரக்கு அது இல்லை. யாராவது 'ஆர்மி செகண்ட்ஸ்' என்று கொண்டுவந்தால் தொட்டுக்கூடப் பார்க்காதே. கம்பெனி செகண்ட்ஸ் பனியன் மாதிரி அது நியாயமாக வெளியே வர வழியே இல்லை. துப்பாக்கியில் மாட்டுகிற வகை எதையும் கையிலேயே எடுக்காதே.

பூட்டுவது கஷ்டம் என்பதற்காகச் சொல்லவில்லை. டியூபைக் கூட்டுக்குள் இறக்கி, வளையத்தை முறுக்கி, ரப்பர் வளையத்துக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவி, முன் லென்ஸை நட்சத்திரத்துக்கு ஃபோகஸ் வைத்து நிறுத்துவது உன் கைக்கு ஒரு மணி நேர வேலை. அத்தனைக்குப் பிறகும் எடை 350 கிராமிலிருந்து 400 கிராமுக்குள் வந்து நிற்கும், நீ கேட்ட 300 வராது. 1945-இல் ஜெர்மன்காரன் செய்த வாம்பயர் கருவிக்கு பேட்டரியே 13 கிலோவுக்கு மேல், முதுகில் சுமந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் 350 கிராம் பெரிய சாதனைதான்.

தெர்மல் பற்றி ஒரு வரி கேட்டிருந்தாய். உடம்புச் சூட்டைக் காட்டும், உருவத்தைத் தேடிப் பிடிக்க நல்லது. எது என்று அடையாளம் சொல்ல உதவாது, பக்கியும் கல்கவுதாரியும் ஒரே வெள்ளைப் பொட்டாகத் தெரியும். சித்திரை மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கு நம் மண்ணும் கல்லும் இருக்கிற சூட்டில் அந்தப் பொட்டும் கரைந்துபோகும்.

மிஞ்சுவது டிஜிட்டல். இதைத்தான் நீ பூட்ட வேண்டும் என்று சொல்கிறேன். ஏமாற்றமாக இருக்கும், தெரியும். ஏன் டிஜிட்டல் டியூபுக்கு ஈடாகாது என்ற கணக்கையும் சொல்லிவிடுகிறேன், அதில்தான் விஷயமே இருக்கிறது. பிவிஎஸ்-14-இன் முன் லென்ஸ் 27 மி.மீ., எஃப் 1.2. வகுத்தால் வெளிச்சம் நுழைகிற வாசல் 22 மி.மீ. விட்டம். காட்சிக் கோணம் 40 டிகிரி. சிசிடிவி கேமராவில் வரும் சோனி ஸ்டார்விஸ் ஐஎம்எக்ஸ் 462 சென்சாரை எடுத்துக்கொண்டால், அதே 40 டிகிரிக்கு 8 மி.மீ. லென்ஸ் வேண்டும். அதுவும் எஃப் 1.2 என்றே வைத்துக்கொள்வோம்: வாசல் 6.7 மி.மீ. தான். பரப்பில் பதினோரு மடங்கு குறைவு. சென்சார் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், உள்ளே வராத வெளிச்சத்தை அது காட்ட முடியாது. கொஞ்சம் பெரிய சென்சார், ஐஎம்எக்ஸ் 585 போட்டு 16 மி.மீ. லென்ஸ் மாட்டினால் கோணம் அதேதான், வாசல் 13 மி.மீ. ஆகும், வெளிச்சம் நாலு மடங்கு. கூடவே கண்ணாடியின் எடையும் ஏறும். எடையைக் குறைக்கிறேன் என்று கிளம்புகிற ஒவ்வொருவரும் கடைசியில் கை வைப்பது இந்த முன் கண்ணாடியில்தான். நீ அங்கே கை வைக்காதே. கூட்டில் குறை, பேட்டரியை இடம் மாற்று, திருகைக் குறை. கண்ணாடியில் மட்டும் ஒரு கிராமும் மிச்சம் பிடிக்காதே. விளம்பரத்தில் கலர் கலராகப் போடுகிற ஜூமைப் பார்த்து மயங்காமல் எஃப் எண் என்ன என்று கேள். 2 என்று இருப்பதற்கும் 1 என்று இருப்பதற்கும் வெளிச்சம் நாலு மடங்கு.

உனக்கு முதலில் 462-ம் எம்12 திருகு லென்ஸும் போதும், 8 மி.மீ. வாங்கு. அதை 18 மீட்டர் தூரத்துக்கு ஃபோகஸ் வைத்துப் பூட்டிவிட்டால் 9 மீட்டரிலிருந்து வானம் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். திருப்பிக்கொண்டே இருக்க வேண்டிய ஃபோகஸ் வளையம் மிச்சம், அந்த எடையும் மிச்சம். வெளியீடு அனலாக் சிக்னலாக இருக்கட்டும். ராஸ்பெர்ரி பை ஜீரோ போர்டு போடலாமா என்று கேட்டிருந்தாய். போடலாம், எடை பத்துப் பன்னிரண்டு கிராம்தான். ஆனால் படம் தாமதமாக வரும், எழுந்து வரவும் நேரம் பிடிக்கும். அனலாக் என்றால் சுவிட்சைப் போட்டதும் வரும். அனலாக் சிக்னலை வாங்குகிற வியூஃபைண்டர் ஒன்றை நேராக அதில் சேர்த்துவிடலாம். எல்சிடி வகையாகப் பார்த்து எடு. சின்னப் பிக்சர் டியூப் வைத்த பழைய வகையில் ஆயிரக்கணக்கில் வோல்ட் ஓடும், அதை நோண்டாதே. கம்பெனிக்கு கம்பெனி கேமரா மாட்டியிருக்கிற ஊரில் போர்டும் லென்ஸும் கிடைக்காமல் போகாது.

கேமரா மெனுவில் சென்ஸ்-அப் என்று ஒன்று இருக்கும். இருட்டில் ஷட்டரை நீளமாகத் திறந்து வைத்து, படத்தைப் பளிச்சென்று காட்டி உன்னை மயக்கும். பக்கி எழும்பியதும் ஒரு புகைக்கோடு மட்டும் மிஞ்சும். அதை அணைத்துவிடு. புள்ளிகளை அழிக்கிற 3டி டிஎன்ஆரையும் அணை, அசைகிற பொருளுக்குப் பின்னால் பேய் மாதிரி நிழல் விடும். படம் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும். புள்ளிக்கு நடுவில் பார்க்க இரண்டு ராத்திரியில் கண் பழகிவிடும்.

அடுத்து ஐஆர் கட் ஃபில்டர். பகல் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்க ஒரு கண்ணாடிச் சில்லு இருக்கும். அது இருந்தால் உன் பாடு வீண். இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க நம் ஊரில் சுலபமான வழி ஒன்று உண்டு. நான் டையிங் லேப்பில் இருந்த காலத்தில் லைட் பாக்ஸ்தான் எங்களுக்குக் கோயில். டி65-க்குக் கீழே ஒத்துப்போன ஷேடு டிஎல்84-க்குக் கீழே ஓடிப்போய்விடும், பையர் திருப்பி அனுப்பிவிடுவார். அகச்சிவப்பில் அதைவிடப் பெரிய கூத்து. ரியாக்டிவ் டையில் போட்ட கறுப்பு காட்டன் பனியனை 850 நானோமீட்டர் விளக்கில் இந்தக் கேமரா வழியாகப் பார். வெளுத்துப்போய், கிட்டத்தட்ட கோரா துணி மாதிரி தெரியும். அந்தச் சாயம் கண்ணுக்குத் தெரிகிற ஒளியை மட்டும் விழுங்குகிறது, அகச்சிவப்பை விட்டுவிடுகிறது. அதே பனியனில் பிக்மென்ட் கறுப்பில் அச்சடித்த எழுத்து இருந்தால் அது மட்டும் கறுப்பாகவே நிற்கும், ஏனென்றால் அது கார்பன் கரி. பகலில் கண்ணை இடுக்கினாலும் தெரியாத எழுத்து அங்கே வெள்ளைத் துணியில் மை போட்டது போல் வாசிக்க வரும். ராணுவச் சீருடைத் துணிக்கு வேறு வகைச் சாயங்களைத் தேர்ந்தெடுத்துப் போட்டு, அகச்சிவப்பில் எவ்வளவு திருப்புகிறது என்று அளந்து வாங்குவது இதனால்தான். உன் செக்கிங் டேபிளில் கிடக்கும் கறுப்பு பீஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ப் பார். வெளுத்தால் ஃபில்டர் இல்லை, பூட்டு. கறுப்பாகவே நின்றால் லென்ஸுக்குப் பின்னால் அந்தச் சில்லு ஒளிந்திருக்கிறது.

பச்சை இலையும் அப்படித்தான், அகச்சிவப்பில் வெள்ளையாகப் பளபளக்கும். கிளுவை வேலிக்கு அருகில் உட்கார்ந்து விளக்கைப் போட்டால் இலை வெளிச்சம் கேமராவைக் கூசவைத்து அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது. வேலியைத் தாண்டி உட்கார். விளக்கை லென்ஸை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வை, தூசி திருப்புகிற வெளிச்சம் குறையும். 850-இல் விளக்கு லேசான சிவப்பாகக் கண்ணுக்குத் தெரியும். 940 தெரியாது, ஆனால் சென்சாரும் அதைக் குறைவாகத்தான் பார்க்கும். நான் 850-ஐச் சொல்வேன், குறைந்த அளவில், தேவைப்படும்போது மட்டும். கடவூரில் 2022-இல் தேவாங்குக்கு என்றே சரணாலயம் அறிவித்தார்களே, தேவாங்கைத் தேடிப் போகிற ஆராய்ச்சிக்காரர்கள்கூடச் சிவப்புத்தாள் ஒட்டிய விளக்கோடுதான் போகிறார்கள். வெள்ளை டார்ச்சைப் பக்கியின் கண்ணில் அடிக்காதே.

பூட்டுகிற இடம் முக்கியம். கம்பெனிக்குள் வைத்துப் பிரிக்காதே. நம் ஊர்க் காற்றில் பஞ்சு மிதக்கிறது. சென்சார் கண்ணாடியில் ஒரு இழை ஒட்டினால் பிறகு பார்க்கிற முயலுக்கெல்லாம் வால் முளைத்திருக்கும். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவி அடங்கியதும் கதவைச் சாத்திக்கொண்டு பூட்டு. தூசி அடங்கியிருக்கும். ஃபோகஸைப் பகலில் வைக்காதே, அகச்சிவப்பில் ஃபோகஸ் கொஞ்சம் நகரும். ராத்திரியில் விளக்கைப் போட்டுவைத்து, சரியானதும் லென்ஸ் திருகில் ஒரு சொட்டு நகப்பூச்சு. கூட்டை 3டி பிரிண்டரில், பெட்ஜி பிளாஸ்டிக்கில் அச்சடிக்கச் சொல். பிஎல்ஏ 60 டிகிரியில் இளகிவிடும், வெயிலில் நிறுத்திய பைக் பெட்டிக்குள் அந்தச் சூடு சாதாரணம். உள்ளே ஈரத்துக்கு சிலிகா ஜெல் பாக்கெட் ஒன்று. பேக்கிங் செக்ஷனில் கேட்டால் கை நிறையத் தருவார்கள். என் கணக்கில் கேமரா, லென்ஸ், வியூஃபைண்டர், கூடு எல்லாம் சேர்த்து 150 கிராம் சுற்றி வரும். 18650 பேட்டரி ஒன்று 47 கிராம். மொத்தம் 200.

இந்த 200 கிராமை நெற்றியில் எப்படித் தொங்கவிடுகிறாய் என்பதில்தான் உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வெளிநாட்டுப் பையன்கள் இந்தத் தலைப்பட்டைக்கு நூறு டாலர் கொடுக்கிறார்கள். நீ இருப்பது எலாஸ்டிக் குவிந்து கிடக்கிற பனியன் கம்பெனியில். ஒன்று மட்டும் சொல்கிறேன். எடை முன்னால் தள்ளித் தொங்குவதால் கழுத்துக்கு 200 கிராம் 200 கிராமாகத் தெரியாது. பேட்டரியைப் பிடரிக்குக் கொண்டுபோ. அந்த 47 கிராம் பின்னால் போனதும் முன்பாரம் குறையும், பின்பாரமும் கிடைக்கும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். தலையைச் சுற்றி வருகிற பட்டை 40 அல்லது 50 மி.மீ. நெய்த எலாஸ்டிக்காக இருக்கட்டும். சடைபோல் பின்னிய வகை இழுத்தால் அகலம் சுருங்கி நெற்றியில் கயிறு மாதிரி அறுக்கும். உச்சியின்மேல் முன்னும் பின்னும் போகிற பட்டையில் எலாஸ்டிக் கூடவே கூடாது, நீளாத பாலி நாடா போடு. இல்லையென்றால் ஒவ்வொரு அடிக்கும் கேமரா குதிக்கும். நெற்றி படும் இடத்தில் ஏர்மெஷ். மூலைக்கு மூலை பார்டேக்.

இடக்கண்ணுக்கு மாட்டு. மற்ற கண் சும்மா இருக்கட்டும். இருட்டுக்குப் பழக அதற்கு இருபது, முப்பது நிமிடம் ஆகும், பாம்பையும் பள்ளத்தையும் அதுதான் பார்க்கும். வியூஃபைண்டர் வெளிச்சத்தை முடிந்த அளவு குறை, கண்ணைச் சுற்றி ரப்பர் மூடி போடு, இல்லாவிட்டால் உன் முகம் விளக்கு மாதிரி தெரியும். காட்டுக்குப் போகிற வழியில் லைன் வீடுகளும் லேபர் ஹாஸ்டலும் இருக்கின்றன. அந்தப் பக்கம் போகும்போது கருவி பைக்குள் இருக்க வேண்டும், ஜிப் போட்டு. ஜன்னலைப் பார்த்து ஒரு தடவை திரும்பினாய் என்று தெரிந்தால் நானே பிடுங்கி உடைத்துவிடுவேன், வனத்துறைக்கும் போலீஸுக்கும் வேலை வைக்க மாட்டேன்.

கொறங்காட்டுக்காரர் எனக்குத் தெரிந்தவர்தான். நான் போனில் சொல்லிவைக்கிறேன். மாடு கட்டுத்தறிக்குப் போன பிறகு வரச் சொன்னார், நாய் இரண்டு இருக்கிறதாம். பொருள் வாங்குவதற்கு முன் லென்ஸின் எஃப் எண்ணை எனக்கு எழுதி அனுப்பு. எலாஸ்டிக் இரண்டு மீட்டர் போதும். உங்கம்மா சொன்னாள், போன தடவை கூடாரம் தைக்கிறேன் என்று நீ ரோலோடு கொண்டுவந்தது இன்னும் பரண்மேல் கிடக்கிறதாம்.

அன்புடன்,
மாமா